பெருங்கோளை நேரடியாகப் படம்பிடிக்க: தரையிலிருந்து 1.6 மைக்ரானா, 3.8 மைக்ரானா, ஜேம்ஸ் வெப்பா?

வேறொரு விண்மீனைச் சுற்றும் பெருங்கோளை (வியாழன், சனி போன்ற பெரிய கோளை) படம்பிடிக்கத் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். விண்மீன்களின் பட்டியல் கையில் இருக்கும். ஆனால் தரையிலிருந்து அகச்சிவப்பில் 1.6 மைக்ரான் அலைநீளத்தில் பார்ப்பதா, 3.8 மைக்ரானுக்குப் போவதா, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிக்கே எழுதுவதா என்பது முடிவாகாது. எந்தக் கருவி சிறந்தது என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்காது. தேடும் கோள் எவ்வளவு சூடாக இருக்கும், வானத்தில் தன் விண்மீனை விட்டு எவ்வளவு தள்ளித் தெரியும் என்ற இரண்டையும் முதலில் கணக்குப் போடுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

கோளின் வெப்பம். பெருங்கோள்கள் பிறக்கும்போது சூடாக இருந்து, காலம் போகப் போக ஆறுகின்றன. பீட்டா பிக்டோரிஸ் பி சுமார் 1,700 கெல்வின். எச்ஆர் 8799-இன் கோள்கள் 1,000 கெல்வினை ஒட்டியவை. 51 எரிடானி பி 700 கெல்வின் அளவில் இருக்கிறது. முதிர்ந்த எப்சிலன் இண்டி ஏபி வெறும் 275 கெல்வின். 2,900-ஐ வெப்பத்தால் வகுத்தால் ஒளி உச்சம் தொடும் அலைநீளம் மைக்ரானில் வரும்: 1.7, 2.9, 4.1, 10.5. இது கரும்பொருள் கணக்குதான், அதாவது வெப்பத்தால் மட்டுமே ஒளிரும் இலட்சியப் பொருளுக்கானது. உண்மையில் நீராவியும் மீத்தேனும் நிறமாலையை வெட்டிப் போடும். ஆனாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்ல இது போதும்.

விலகல். சுற்றுப்பாதை ஆரத்தை வானியல் அலகில் (பூமி–சூரியன் தொலைவு) எடுத்து, தொலைவைப் பார்செக்கில் (சுமார் 3.26 ஒளியாண்டு) எடுத்து வகுத்தால் வில்விநாடி (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) கிடைக்கும். 10 வானியல் அலகு தள்ளியுள்ள கோள் 20 பார்செக்கில் 0.5 வில்விநாடியில் தெரியும்; 100 பார்செக்கில் 0.1 வில்விநாடிதான். பாதை சாய்ந்திருந்தால் சில ஆண்டுகளில் இதைவிடவும் நெருங்கிவிடும்.

விண்மீனின் பிரகாசம். தரையில் தகவமைப்பு ஒளியியல் (காற்றின் கலக்கத்தை உருமாறும் கண்ணாடியால் உடனுக்குடன் திருத்தும் முறை) வேலை செய்ய விண்மீனின் ஒளியே வழிகாட்டி. அது மங்கினால் திருத்தமும் மங்கும்.

விண்மீன் ஒளியைக் கழிக்கும் வழி. விண்மீனை மறைக்கும் ஒளிமறைப்பான் வைத்த பிறகும் ஸ்பெக்கிள் எனப்படும் ஒளித்திட்டுகள் மிஞ்சும். பார்க்க அவை அப்படியே கோள் போல இருக்கும். புலச் சுழற்சியால் (நேரம் போகப் போக வானம் படத்தில் சுழல்வதைக் கொண்டு) கழிக்கப் போகிறீர்களா, இன்னொரு விண்மீனை மாதிரியாக வைத்தா, அலைநீள வேறுபாட்டாலா என்பதை விண்ணப்பம் எழுதும்போதே தீர்மானித்துவிட வேண்டும்.

இரண்டாவது பார்வை. ஒரே இரவில் கிடைத்த புள்ளி கோள் ஆகாது. அதை உறுதி செய்ய ஆகும் காலத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## கருவிக்கு முன்னால் விண்மீன்

கருவியைவிட இலக்குத் தேர்வுதான் பலனை அதிகம் மாற்றும். இளம் விண்மீன்களை வரிசையாகப் பார்த்துப் போகும் தேடல்களில் அகப்பட்டவை மிகக் குறைவு. ஜெமினி தொலைநோக்கியின் ஜிபிஐ தேடலில் முதல் 300 விண்மீன்களை ஆராய்ந்தபோது கணக்கில் வந்தவை 6 கோள்களும் 3 பழுப்புக் குறுமீன்களும் (கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்டவை)தான். சூரியனைப் போல் 1.5 மடங்குக்கு மேல் நிறை கொண்ட விண்மீன்களில், 10 முதல் 100 வானியல் அலகு வரை, 5 முதல் 13 வியாழன் நிறை கொண்ட கோள்கள் சுமார் 9 விழுக்காட்டில்தான் இருக்கின்றன என்று அதிலிருந்து மதிப்பிட்டார்கள். அதைவிட இலகுவான விண்மீன்களில் இன்னும் குறைவு.

மாற்று வழி, கோள் இழுப்பதால் தள்ளாடும் விண்மீன்களை மட்டும் எடுப்பது. விண்மீன்களின் நிலையை அளக்கும் ஹிப்பார்கஸ் விண்கலம் 1991-ஐ ஒட்டி அளந்த நிலையையும், கயா விண்கலம் அதற்கு ஏறக்குறைய 25 ஆண்டு கழித்து அளந்ததையும் ஒப்பிட்டால், நேர்கோட்டில் போகாத விண்மீன்கள் தனியே தெரியும். 2023-இல் வெளியான எச்ஐபி 99770 பி, ஏஎஃப் லெப் பி இரண்டும் இப்படித்தான் அகப்பட்டன. ஏஎஃப் லெப் பியை மூன்று குழுக்கள் தனித்தனியே கண்டன. சுமார் 3 வியாழன் நிறை, 8 வானியல் அலகு, 27 பார்செக், அதாவது 0.3 வில்விநாடி. பிறகு நிறையை அளக்கவும் அந்தத் தள்ளாட்டமே உதவும். படத்திலிருந்து மட்டும் நிறை சொல்ல வேண்டுமென்றால் வயதையும் குளிர்வு மாதிரியையும் நம்ப வேண்டியிருக்கும். கோள் சூடாகப் பிறந்ததா, ஆறிய நிலையில் பிறந்ததா என்பதைப் பொறுத்து, ஒரே பிரகாசத்துக்கு அந்த மாதிரிகள் தரும் நிறைகள் வெகுவாக விலகும்.

இதிலும் கண்ணிகள் உண்டு. தள்ளாட்டத்தை வைத்து நிறையையும் தொலைவையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. நெருங்கிய சிறு கோளும் விலகிய பெருந்துணையும் ஒரே அளவு இழுக்கலாம். இழுப்பது வெள்ளைக் குறுமீனாகவோ மங்கலான இரட்டை விண்மீனாகவோ இருக்கலாம். கயா பட்டியலில் ஆர்யூடபிள்யூஇ மதிப்பு (ஒற்றை விண்மீன் என்ற கணிப்போடு அளவீடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண்) 1.4-ஐத் தாண்டினால் இரட்டை என்று சந்தேகியுங்கள். ஆரத்திசை வேகத் தரவும் (விண்மீன் நம்மை நெருங்கும் அல்லது விலகும் வேகம்) இருந்தால் பெரும்பாலான பொய் இலக்குகளை அப்போதே நீக்கிவிடலாம்.

வயதில் கறாராக இருங்கள். பீட்டா பிக்டோரிஸ் போன்ற இளங்குழுவின் உறுப்பினர் என்றால் வயது சுமார் 24 மில்லியன் ஆண்டு என்று துணிந்து சொல்லலாம். தனித்துத் திரியும் ஏ-வகை விண்மீனுக்கு லித்தியம், சுழற்சி போன்ற கடிகாரங்கள் உதவுவதில்லை. அங்கே 30 மில்லியன் என்று எழுதிவிட்டு உண்மை 300 மில்லியனாக இருந்தால், நீங்கள் தேடிய கோள் அந்தக் கருவிக்கு எட்டாத அளவு ஆறிப்போயிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | தரை, 1–2.3 மைக்ரான் | தரை, 3.5–5 மைக்ரான் | ஜேம்ஸ் வெப் (நிர்கேம், மிரி கருவிகள்) |
|---|---|---|---|
| கூர்மை: பிரித்தறியும் மிகச்சிறு கோணம் (வில்விநாடி) | 0.04 (8.2 மீட்டர், 1.6 மைக்ரான்) | 0.10 (8.2 மீட்டர், 3.8 மைக்ரான்) | 0.14 (4.4 மைக்ரான்), 0.36 (11.4 மைக்ரான்) |
| உள் எல்லை: இதைவிட நெருங்கிய கோள் தெரிவது அரிது (வில்விநாடி) | சுமார் 0.1–0.15 | சுழல் மறைப்பானுடன் 0.1–0.2 | நிர்கேமில் சுமார் 0.6, மிரியில் 0.35–0.5 |
| ஏற்ற கோள் | இளமையும் சூடும், நெருக்கமும் | இளமை. சற்று ஆறியது, தூசு சூழ்ந்தது | ஆறியது, இலகுவானது, விலகியது |
| முதல் எதிரி | ஸ்பெக்கிள் | வானத்தின் வெப்ப ஒளி | உள் எல்லை, பின்னணி விண்மீன் மண்டலங்கள் |
| மங்கலான விண்மீன் | சிவப்புப் பட்டையில் 10–11 ஒளிர்தரம் தாண்டினால் தரம் சரியும் | அகச்சிவப்பு அலைமுகப்பு உணரி இருந்தால் சமாளிக்கலாம் | தடையில்லை |
| மறைந்த செலவு | நல்ல வளிமண்டலத்துக்காகக் காத்திருப்பு | வானப் பின்னணிக்குப் போகும் நேரம் | மாதிரி விண்மீனுக்கும் மேல்செலவுக்கும் போகும் நேரம் |

## தரையிலிருந்து 1–2.3 மைக்ரான்

சிலியின் பரனாலில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கியான விஎல்டியின் ஸ்ஃபியர், ஜெமினியின் ஜிபிஐ, சுபாரு தொலைநோக்கியின் எஸ்செக்ஸ்ஏஓ-காரிஸ் எல்லாம் இந்த வகைக் கருவிகள். ஸ்ஃபியரின் உருமாறும் கண்ணாடியில் குறுக்கே 41 இயக்கிகள். விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் திருத்தம் நடக்கிறது. பிரகாசமான விண்மீனும் அமைதியான இரவும் அமைந்தால், தரவுச் செயலாக்கம் முடிந்த பின் 0.5 வில்விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒளிவேறுபாடு வரை எட்டலாம். 0.2 முதல் 0.5 வில்விநாடிக்குள் இருக்கும் இளங்கோள்களுக்கு இதுவே முதல் தேர்வு. கூடவே, புல நிறமாலைமானி ஒவ்வொரு புள்ளிக்கும் நிறமாலை தந்துவிடுவதால், அகப்பட்டது கோளா, பின்னணி விண்மீனா என்று முதல் இரவிலேயே ஓரளவு சொல்ல முடியும்.

புலச் சுழற்சிக் கழிப்புதான் இங்கே உயிர்நாடி. கருவியைச் சுழலாமல் நிறுத்தினால் ஸ்பெக்கிள் அசையாது, கோள் மட்டும் விண்மீனைச் சுற்றி நகரும். கோள் குறைந்தது ஒரு கூர்மை அளவாவது நகராவிட்டால், கழிக்கும்போது அதுவும் சேர்ந்து அழிந்துவிடும். 0.2 வில்விநாடியில் உள்ள கோள் 0.04 வில்விநாடி நகர சுமார் 11.5 பாகை சுழற்சி தேவை, 0.5-இல் 4.6 பாகை போதும். விண்மீன் நடுவரைக் கோட்டை (வடக்கையும் தெற்கையும் உச்சி வழியாக இணைக்கும் கோடு) கடக்கும்போது சுழற்சி வேகம் உச்சத்தில் இருக்கும். பரனாலில் உச்சியிலிருந்து 40 பாகை தள்ளிக் கடக்கும் விண்மீனுக்கு மணிக்கு சுமார் 21 பாகை. 20 பாகை தள்ளிக் கடந்தால் சுமார் 40. ஆகவே கடக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னுமாக இடைவிடாத தொடராகக் கேளுங்கள். இரண்டு துண்டாக்கி வேறு வேறு இரவில் எடுத்தால், மொத்த நேரம் அதேதான். சுழற்சி மட்டும் கிடைக்காது.

சுழற்சி அதிகம் என்பதற்காக உச்சியை ஒட்டிக் கடக்கும் விண்மீனைத் தேடிப் போக வேண்டாம். 3 பாகை தள்ளிக் கடக்கும் ஒன்றுக்கு ஒரு நிமிடத்தில் 4 பாகைக்கு மேல் சுழலும். ஒரு நிமிடப் படமெடுப்பில் 2 வில்விநாடியில் உள்ள கோள் 0.15 வில்விநாடி நீளத்துக்குக் கோடாக இழுபட்டுவிடும். அங்கே ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் சுருக்கியே ஆக வேண்டும்.

கெடுவது எங்கே? முதலாவது, வளிமண்டல ஒத்திசைவுக் காலம், அதாவது காற்றின் கலக்கம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும் நேரம். காற்றின் கலக்கத்தால் விண்மீன் உருவம் பரவும் அளவு 0.8 வில்விநாடி என்று நிபந்தனை போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். உயரக் காற்று வேகமாக வீசி ஒத்திசைவுக் காலம் 2 மில்லிவிநாடிக்கு இறங்கினால், கண்ணாடி எவ்வளவு விரைந்தாலும் பின்தங்கிவிடும். படத்தில் விண்மீனின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சி இறக்கை போல ஒளி பரவும். 4 மில்லிவிநாடிக்கு மேல் கேளுங்கள். இரண்டாவது, காற்றே இல்லாத இரவு. தொலைநோக்கியின் தாங்கு கம்பிகளை ஒட்டிய காற்று குளிர்ந்து தேங்க, அலைமுகப்பு துண்டு துண்டாக உடைந்து, விண்மீனின் உருவம் பல குமிழாகப் பிரியும். இந்தக் கோளாறு அலைமுகப்பு உணரியின் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. பரனாலில் கம்பிகளுக்குத் தனிப் பூச்சு போட்ட பிறகு இது குறைந்தது, ஒழியவில்லை. மூன்றாவது, மையம். மறைப்பானுக்குப் பின்னால் விண்மீன் தெரியாது என்பதால், உருமாறும் கண்ணாடியில் சிற்றலை ஏற்றி நான்கு துணைப் புள்ளிகளை உண்டாக்கி, அவற்றிலிருந்து மையத்தைக் காண்கிறோம். தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் இதை எடுக்கத் தவறினால் பிறகு நிலை அளவீடு எதையும் நம்ப முடியாது.

மீத்தேன் பட்டைகளை நம்பி 1.59, 1.67 மைக்ரான் இரட்டை வடிப்பானை எடுப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மீத்தேன் இருந்தால்தான் ஒரு படத்தில் கோள் தெரிந்து மற்றதில் மறையும். இளங்கோள்கள் பலவற்றில் 1.6 மைக்ரானில் மீத்தேன் வலுவாக இல்லை. எச்ஆர் 8799 கோள்கள் இதற்குத் தெளிவான சான்று. 51 எரிடானி பியில் அது இருந்தது. அதனால் மீத்தேனை மட்டுமே நம்பும் கழிப்பைத் திட்டத்தின் அடித்தளமாக வைக்காதீர்கள்.

## தரையிலிருந்து 3.5–5 மைக்ரான்

இங்கே கோளுக்கும் விண்மீனுக்கும் உள்ள ஒளிவேறுபாடு தணியும். அலைமுகப்புத் திருத்தமும் எளிது. பீட்டா பிக்டோரிஸ் பி 2003-இல் எடுத்த 3.8 மைக்ரான் படத்தில்தான் முதலில் தென்பட்டது. கெக்கின் என்ஐஆர்சி2, பெரிய இருகண் தொலைநோக்கியின் எல்எம்ஐஆர்கேம், விஎல்டியில் நாகோ கருவியின் இடத்துக்கு வந்த ஈரிஸ் ஆகியவை இன்றைய வாய்ப்புகள். தூசு சூழ்ந்த மிக இளம் விண்மீன், சிவப்புக் குறுமீன், 700 கெல்வினை ஒட்டிய கோள் என்றால் இங்கே வாருங்கள். கெக்கில் அகச்சிவப்பு அலைமுகப்பு உணரி இருப்பதால், கண்ணுறு ஒளியில் மங்கலான விண்மீன்களும் கைக்கு எட்டும்.

விலை, வானமே ஒளிர்வது. காற்றும் கண்ணாடிகளும் இந்த அலைநீளத்தில் வெப்பமாக மினுங்குவதால், ஒரு விநாடிக்கும் குறைவான படங்களை ஆயிரக்கணக்கில் எடுத்துச் சேர்க்க வேண்டும். இடையிடையே வெற்று வானத்துக்கும் போய்வர வேண்டும். பின்னணி சில நிமிடங்களில் மாறிவிடும் என்பதால் அந்தப் பயணத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க முடியாது. சுழற்சித் தேவையும் கூடும்: 0.2 வில்விநாடியில் சுமார் 28 பாகை. ஒரு வில்விநாடிக்கு அப்பால் பார்ப்பதற்கு மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே தடுப்பது வானப் பின்னணிதான், அந்த வேலையில் ஜேம்ஸ் வெப்போடு தரைத் தொலைநோக்கி போட்டியிட முடியாது.

## ஜேம்ஸ் வெப்

ஆறிய கோளைப் பிடிக்க இன்று இதைவிட்டால் வழியில்லை. 2024-இல் வெளியான எப்சிலன் இண்டி ஏபி 3.6 பார்செக்கில்தான் இருக்கிறது. விண்மீனிலிருந்து 4 வில்விநாடி தள்ளியும் இருக்கிறது. ஆனாலும் தரையிலிருந்து 3–5 மைக்ரானில் நடந்த தேடல்களுக்கு அகப்படவில்லை. மிரியின் 10.65, 15.5 மைக்ரான் படங்களில் தெளிவாகத் தெரிந்தது. தள்ளாட்டத்தை வைத்துக் கணித்த இடத்தில் அது இல்லை. நிறையும் கணித்ததைவிடக் கூடுதல். 4–5 மைக்ரான் பிரகாசத்தைக் குளிர்வு மாதிரியிலிருந்து மட்டும் எடுத்து வெளிப்பாட்டு நேரம் கணக்கிடுவோர் இந்த உதாரணத்தை அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். மேகமோ கனத் தனிமங்களின் மிகுதியோ அந்தப் பட்டையை மங்கச் செய்துவிடலாம்.

நிறையிலும் இது கீழே இறங்குகிறது. 2025-இல் அறிவித்த டிடபிள்யூஏ 7 பி, வியாழனில் சுமார் 0.3 பங்கு நிறை, அதாவது சனி அளவு. அதன் விண்மீன் ஓர் இளம் சிவப்புக் குறுமீன். இத்தகைய விண்மீன்களில் விலகிய சிறு பெருங்கோள்களைத் தேடுவதுதான் ஜேம்ஸ் வெப்பின் தனி வலிமை.

உள் எல்லைதான் இதன் பலவீனம். நிர்கேமின் அதிகம் பயன்படும் வட்ட மறைப்பானில் 0.63 வில்விநாடியில்தான் பாதி ஒளி கடக்கும். உள்ளே முழு இருட்டு என்று அர்த்தமில்லை. எச்ஆர் 8799 ஈ சுமார் 0.4 வில்விநாடியில் இருந்தும் தெரிந்தது. ஆனால் அது பிரகாசமான கோள், இருக்கும் இடமும் முன்பே தெரியும். தெரியாத கோளைத் தேடும்போது அந்த அளவை எதிர்பார்க்காதீர்கள். மிரியின் நான்கு கால்வட்ட மறைப்பானில் வேறொரு சிக்கல். கால்வட்டங்கள் சேரும் கோடுகளின்மேல் கோள் விழுந்தால் அதன் ஒளியும் அடங்கிவிடும். இடம் உத்தேசமாகத் தெரிந்தால், அந்தக் கோடுகளைத் தவிர்க்கும் திசைக்கோணம் எந்தத் தேதிகளில் அமைகிறது என்று பார்த்துக் கேளுங்கள். அதே கோடுகளை ஒட்டிச் சிதறொளி பட்டையாகத் தெரியும். அதை நீக்க வெற்று வானத்தை அதே அமைப்பில் தனியே எடுத்தாக வேண்டும்.

சுழற்சியை நம்ப முடியாது. தொலைநோக்கியைத் தன் பார்வை அச்சில் திருப்பி எடுக்கும் இரு படங்களுக்கு இடையே சுமார் 10 பாகைதான் கிடைக்கும். 1 வில்விநாடியில் அது 0.17 வில்விநாடி நகர்வு, 4.4 மைக்ரானில் போதும். 0.5 வில்விநாடியில் 0.09 மட்டுமே, கோள் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஆகவே மாதிரி விண்மீன் கட்டாயம். அது இலக்குக்கு அருகில், ஏறக்குறைய அதே நிறமாலை வகையில், இரட்டையாக இல்லாமல் இருக்க வேண்டும். இடையில் வேறு பணி புகாதபடி இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மறைப்பானுக்குப் பின் இரு விண்மீன்களும் துல்லியமாக ஒரே இடத்தில் அமர்வதில்லை என்பதால், மாதிரியை 5 அல்லது 9 நுண்நகர்வுகளில் எடுக்கிறார்கள். இலக்குக்கு ஒரு மணி நேரம் என்று நினைத்துத் தொடங்கிய திட்டம், மாதிரி, பின்னணி, திரும்பும் நேரம் எல்லாம் சேர்ந்து பல மணி நேரத் திட்டமாக வளர்வது இப்படித்தான். போட்டியும் கடுமை: நான்காம் விண்ணப்பச் சுற்றில் கேட்ட நேரம், கிடைக்கும் நேரத்தைப் போல் சுமார் 9 மடங்கு.

## எந்தச் சூழலுக்கு எது

20–30 மில்லியன் ஆண்டு வயது, 50 பார்செக்குக்குள், கண்ணுறு ஒளியில் பிரகாசம், தள்ளாட்டமும் உண்டு என்றால் 1–2.3 மைக்ரானில் தொடங்குங்கள். இரண்டு மணி நேரத் தொடர் ஒன்று போதும், கிடைக்காவிட்டால் 3.8 மைக்ரான்.

வயது பில்லியன் ஆண்டுகள், 10 பார்செக்குக்குள், ஆரத்திசை வேகம் நீண்ட காலப் போக்கைக் காட்டுகிறது என்றால் நேரே மிரி. தரையில் ஓர் இரவு முயன்று பார்க்கலாம் என்ற ஆசை வரும். அது இரவை வீணாக்குவதுதான்.

இளம் சிவப்புக் குறுமீன், கோள் விலகியிருக்கலாம் என்றால் நிர்கேம் அல்லது மிரி. அதே விண்மீனில் 10 வானியல் அலகுக்குள் தேட வேண்டும் என்றால் அகச்சிவப்பு உணரியுள்ள தரைக்கருவி.

இன்னும் வாயுத் தட்டு கலையாத, 5 மில்லியன் ஆண்டு அளவிலான விண்மீன் என்றால் மூன்றுக்கும் வெளியே ஒரு வழி உண்டு. கோள் வாயுவை விழுங்கும்போது ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் ஒளிரும். பிடிஎஸ் 70 சி 2019-இல் அப்படித்தான் வெளிப்பட்டது. அகச்சிவப்பில் தட்டின் பளபளப்பையே கோள் என்று எண்ணிவிடும் அபாயம் இங்கே குறையும்.

## புள்ளி கிடைத்த பிறகு

விண்மீனுக்கு மிக அருகில் 5 சிக்மா (இரைச்சலின் சிதறலைப் போல் ஐந்து மடங்கு) என்ற எண் ஏமாற்றும். ஒரு கூர்மை அளவு ஆரத்தில் சுற்றிலும் ஆறு தனிப்பட்ட திட்டுகளுக்கு மேல் இடமில்லை; ஆறு மாதிரியை வைத்துச் சிதறலை மதிப்பிட்டால் பொய்க் கண்டுபிடிப்பு பெருகும். சிறு மாதிரிக்கான திருத்தத்தைப் போட்டு வரம்பை உயர்த்துங்கள்.

பிறகு, புள்ளி விண்மீனோடு சேர்ந்து நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 50 மில்லிவில்விநாடி நகரும் விண்மீனுக்கு, 12.25 மில்லிவில்விநாடிப் படப்புள்ளி கொண்ட ஸ்ஃபியரில் ஓராண்டு போதும். மிரியின் படப்புள்ளி 110 மில்லிவில்விநாடி. அதில் அந்த நகர்வு அரைப் புள்ளிகூட இல்லை. கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அல்லது வேகமாக நகரும் அருகிலுள்ள விண்மீன்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிரியில் பின்னணி விண்மீன் மண்டலங்களும் கோள் போலவே தெரியும் என்பதால் இரண்டாவது வடிப்பானையும் முதல் விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணங்கள் உள்ளன. 2016-இல் கோள் என்று அறிவித்த எச்டி 131399 ஏபி, மறு ஆண்டே பின்னணி விண்மீன் என்று தெரிந்தது; அது தானே வேகமாக நகரும் விண்மீனாக இருந்ததால் முதல் சோதனையில் தப்பிவிட்டது. 2008-இல் அறிவித்த ஃபோமல்ஹாட் பி, பரந்து கலைந்துவரும் தூசு மேகம் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆல்ஃபா சென்டாரி ஏ அருகே 2024 ஆகஸ்டில் மிரியில் தெரிந்த புள்ளி, 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் தெரியவில்லை. அது பொய்யாகவும் இருக்கலாம். சுற்றுப்பாதையில் விண்மீனை நெருங்கி மறைந்த உண்மைக் கோளாகவும் இருக்கலாம். அதனால் இரண்டாவது பார்வைக்குத் தேதி குறிக்கும் முன், சாத்தியமான சுற்றுப்பாதைகளை ஆயிரக்கணக்கில் ஓட்டி, அன்றைக்குக் கோள் உள் எல்லைக்கு வெளியே இருக்கும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அந்த எண் பாதிக்குக் கீழே வந்தால், அடுத்த பருவத்துக்குத் தள்ளி வையுங்கள்.